காலையில் முதலில் வரும் விவசாயிக்காக

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று டெல்டா ஊர்களில் இருந்தபடி நிரல் எழுதுகிற, எழுதிய நிரலைச் சோதிக்கிற தம்பி தங்கைகளுக்கு,



நீங்கள் அநேகமாக தினமும் செய்கிற ஒரு காரியத்தை நிறுத்துங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். டெஸ்ட்கள் ஓடுகின்றன. இருநூறில் ஒன்று சிவப்பாக விழுகிறது. பக்கத்து நாற்காலியிலிருந்து குரல் வருகிறது: "இன்னொரு தடவை ஓட்டிப் பாரு." ஓட்டுகிறீர்கள். இப்போது இருநூறும் பச்சை. "சரியாயிடுச்சு" என்று பில்டை அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறீர்கள்.

எதுவும் சரியாகவில்லை. நிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. அதே நிரல் முதலில் ஒன்றைச் சொன்னது, பிறகு வேறொன்றைச் சொன்னது. உங்களுக்குப் பிடித்த பதிலை வைத்துக்கொண்டு பிடிக்காததை எறிந்துவிட்டீர்கள். தெரிந்துகொள்ள வேண்டிய சேதி எறிந்த பதிலில்தான் இருந்தது.

டெஸ்டிங்தான் எனக்குச் சோறு போடும் வேலை. சென்னையிலும் பெங்களூரிலும் பெரிய அறைகளில் இந்தப் பேச்சைக் கேட்டு வந்திருக்கிறேன். அங்கே பழக்கம் இறுகிவிட்டது. புதிதாக வருகிற பிள்ளை ஒரே மாதத்தில் அதைக் கற்றுக்கொண்டுவிடுகிறது. நம் ஊர் நிலைமை வேறு. 2024 செப்டம்பரில் தஞ்சாவூரில் மினி டைடல் பூங்கா திறந்தார்கள். சொந்த ஊரிலிருந்தே இந்த வேலையைச் செய்யலாம் என்ற நினைப்பு வீடுகளில் இப்போதுதான் வேர் பிடிக்கிறது. இங்கே பழக்கங்கள் இனிமேல்தான் உருவாகப் போகின்றன. அதனால்தான் இவ்வளவு அவசரமாக உங்களிடம் வருகிறேன்.

நமக்கெல்லாம் தெரிந்த ஒரு கணக்கை வைத்தே பேசுவோம். கடைசி வருட பிராஜெக்டுக்கு உங்களில் ஒரு குழு நெல் கொள்முதல் ரசீது போடுகிற நிரல் எழுதுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் உண்மையான மென்பொருளைப் பற்றி நான் பேசவில்லை. நீங்கள் எழுதக்கூடிய ஒன்றைப் பற்றித்தான். 2025-26 பருவத்துக்குத் தமிழ்நாட்டில் கொள்முதல் விலை, ஊக்கத்தொகையும் சேர்த்து, பொது ரகம் குவிண்டாலுக்கு 2500 ரூபாய், சன்ன ரகம் 2545 ரூபாய். ஒரு சிப்பம் 40 கிலோ. ஒரு விவசாயி 120 சிப்பம் பொது ரக நெல் கொண்டுவருகிறார். 4800 கிலோ, அதாவது 48 குவிண்டால். ரசீதில் 1,20,000 ரூபாய் வர வேண்டும். முதல் டெஸ்ட் இதைச் சரிபார்க்கிறது.

இன்னொருவர் எழுதிய டெஸ்ட், முந்தைய பருவத்து ரசீதை மறுபடி அச்செடுத்துப் பார்க்கிறது. 2024-25இல் பொது ரகத்துக்கு 2405 ரூபாய். அந்த டெஸ்ட் நிரலின் விலைப் பட்டியலை 2405 என்று மாற்றிவிட்டு, தன் வேலையை முடித்துக்கொண்டு, மாற்றியதைத் திரும்ப வைக்காமல் போய்விடுகிறது. பட்டியல் இருப்பது குளோபல் மாறியில். எல்லா டெஸ்ட்களும் ஒரே பிராசஸில் ஓடுவதால் அடுத்து வருகிறவர்களுக்கும் 2405தான் கண்ணில் படும்.

பல மாதங்களுக்கு யாருக்கும் இது தெரியாது. கோப்புகள் அகர வரிசையில் ஓடுகின்றன. 1,20,000 டெஸ்ட் முதலில், பழைய ரசீது டெஸ்ட் பிறகு. என்றைக்கும் பச்சை. ஒருநாள் யாரோ ஒரு கோப்புக்குப் பெயர் மாற்றுகிறார்கள். வரிசை புரள்கிறது. 1,20,000 வர வேண்டிய இடத்தில் 1,15,440 வருகிறது. 4560 ரூபாய் குறைவு. பதறிப்போய் அந்த ஒரு டெஸ்ட்டை மட்டும் தனியாக ஓட்டுகிறீர்கள். பச்சை! "என் மெஷின்ல ஓடுதே" என்கிறீர்கள். நீங்கள் பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே ஓடுகிறது. ஆனால் பெயர் மாற்றிய அந்தப் பிள்ளையின் தலையில் பழி விழுகிறது. செய்யாத தப்புக்கு அவர் மன்னிப்புக் கேட்டு மெயில் அனுப்புவார். இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் மனசு வலிக்கும்.

இது குறைந்தபட்சம் என்றாவது ஒருநாள் சிவப்பைக் காட்டிய ரகம். காட்டவே காட்டாத இன்னொரு ரகம் இருக்கிறது, எனக்கு அதில்தான் அதிக பயம். அதே நிரலில் விலைப் பட்டியலைக் கோப்பிலிருந்து படித்து மெமரியில் ஏற்றுவது லாகின் திரை. ரசீதுத் திரை அதை ஏற்றுவதில்லை. ஏற்கெனவே ஏறியிருக்கும் என்று நம்பிக்கொள்கிறது. லாகின் டெஸ்ட் எப்போதும் முன்னால் ஓடுவதால் ரசீது டெஸ்ட்டுக்குப் பட்டியல் கிடைத்துவிடுகிறது. எத்தனை தடவை ஓட்டினாலும் பச்சை. நூறு நாள் பச்சை. காகிதத்தில் உங்கள் நிரல் மாசற்றது.

இப்போது உண்மையான ஒரு காலையை நினைத்துப் பாருங்கள். அறுவடை நேரம். ராத்திரி கரண்ட் போய் வந்திருக்கிறது. கணினி புதிதாகக் கிளம்புகிறது. போன தடவை விட்ட இடத்திலேயே திறக்கட்டும் என்று நீங்கள் வசதி செய்து கொடுத்திருப்பதால் நேராக ரசீதுத் திரை வந்து நிற்கிறது. பட்டியல் காலி. ராத்திரியெல்லாம் நெல்லைப் பரப்பிவிட்டுக் காவல் இருந்து, மேகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே முதல் ஆளாக வந்து நிற்கிறார் ஒருவர். அவருக்கு ரசீது வராது. அல்லது பூஜ்யம் போட்டு வரும். யாரோ ஒருவர் வெளியே வந்து திரும்ப உள்ளே நுழைவார், எல்லாம் ஓடும். இரண்டாவது ஆளிலிருந்து யாருக்கும் குறையில்லை. முதல் ஆள் சொல்வதை யாரும் நம்ப மாட்டார்கள்.

டெஸ்ட்களை ஏன் தனித்தனி பிராசஸில் ஓட்டச் சொல்கிறேன் என்பதற்கு என் காரணம் இவ்வளவுதான். அப்படி ஓட்டும்போது ஒவ்வொரு டெஸ்ட்டும் காலையில் முதல் ஆளாக வருகிறது. முன்னால் வந்தவர் ஏற்றி வைத்தது எதுவும் அதற்குக் கிடைக்காது. முன்னால் வந்தவர் கலைத்துப் போட்டதும் அதைத் தொடாது.

இதை இயங்குதளம் உங்களுக்கு இலவசமாகவே செய்து தருகிறது. ஒவ்வொரு பிராசஸுக்கும் சொந்த மெமரி வெளி உண்டு. ஒன்றின் மாறியை இன்னொன்று எட்டிப் பார்க்க முடியாது. திரெட்களுக்கு அந்தச் சுவர் கிடையாது, எல்லாம் ஒரே வீட்டில் புழங்குகின்றன. ஒரு டெஸ்ட் மெமரி பிழையில் செத்து விழுந்தாலும் அந்தப் பிராசஸ்தான் சாகும். மற்ற 199இன் முடிவும் உங்கள் கைக்கு வரும். முடிந்ததும் அது திறந்து வைத்த கோப்பு, பிடித்து வைத்த மெமரி எல்லாவற்றையும் இயங்குதளமே திரும்ப எடுத்துக்கொள்ளும். டெஸ்ட் எழுதியவர் சுத்தம் செய்ய மறந்திருந்தாலும் பரவாயில்லை. மறதி எல்லோருக்கும் உண்டு. அதற்கு ஈடு கொடுக்கிற ஏற்பாடு கையில் இருக்கும்போது ஏன் விட வேண்டும்?

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பைத்தானில் பைடெஸ்ட்டுக்கு ஃபோர்க்டு என்ற துணைக்கருவி உண்டு. ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் ஒரு பிராசஸ் பிரித்துக் கொடுக்கும். விண்டோஸில் ஃபோர்க் இல்லாததால் அங்கே அது ஓடாது. உங்கள் கல்லூரி லேபில் விண்டோஸ்தான் என்றால் ஒவ்வொரு டெஸ்ட்டையும் தனியாகக் கூப்பிடுகிற பத்து வரி ஸ்கிரிப்ட் எழுதிக்கொள்ளுங்கள், அது போதும். எக்ஸ்டிஸ்ட் போட்டிருக்கிறோமே, அதுவும் தனித்தனி பிராசஸ்தானே என்று கேட்பவர்கள் கவனியுங்கள்: அது நான்கைந்து பிராசஸ்களைத் திறந்து ஒவ்வொன்றிலும் பல டெஸ்ட்களை வரிசையாக ஓட்டுகிறது. வேகம் கிடைக்கும், நான் சொல்கிற தனிமை கிடைக்காது. ஜாவாவில் மேவன் ஷ்யூர்ஃபயரில் ஃபோர்க்கைத் திரும்பப் பயன்படுத்தாதே என்று சொன்னால் ஒவ்வொரு டெஸ்ட் கிளாஸும் தனி ஜேவிஎம்மில் ஓடும். ரஸ்ட் மொழியில் நெக்ஸ்ட்டெஸ்ட் இயல்பாகவே டெஸ்ட்டுக்கு ஒரு பிராசஸ் என்ற கணக்கில்தான் ஓட்டுகிறது.

நேரம் ஆகுமே என்பீர்கள். ஆகும். மறைக்க மாட்டேன். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஜொனாதன் பெல், கெய்ல் கைசர் இருவரும் 2014இல் ஜாவா நிரல்களை ஆராய்ந்து எழுதினார்கள்: டெஸ்ட்களைத் தனித்தனிப் பிராசஸில் ஓட்டினால் சராசரியாக 618 சதவீதம் கூடுதல் நேரம் பிடிக்கிறது. பத்து நிமிட வேலை ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிடும். அதனால் ஒவ்வொரு தடவை சேமிக்கும்போதும் இப்படி ஓட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. பகலில் உங்கள் வழக்கப்படி ஒரே பிராசஸில் ஓட்டிக்கொள்ளுங்கள். ராத்திரி வீட்டுக்குப் போகும்போது தனித்தனியாக ஓடவிட்டுப் போங்கள். கணினிக்குத் தூக்கம் தேவையில்லை.

இரண்டு விதமாகவும் ஓட்டுவதில் இன்னொரு லாபம் உண்டு, ஏனென்றால் தனிமை எல்லாவற்றையும் காட்டிவிடாது. மழையில் நெல் நனைந்த பருவங்களில் ஈரப்பத வரம்பை 17 சதவீதத்துக்கு மேல் தளர்த்தச் சொல்லி நாம் கேட்பதும், மத்திய அரசு சில நேரம் தளர்த்துவதும் வழக்கம். தளர்த்திய வரம்பை உங்கள் சர்வர் மெமரியில் வைத்துக்கொண்டு நாள் கணக்கில் நிற்காமல் ஓடுகிறது. தளர்வு முடிந்த பிறகும் மெமரியில் பழைய எண்ணே கிடக்கிறது. ஒவ்வொரு டெஸ்ட்டும் புதுப் பிராசஸில் பிறந்தால் இந்தப் பிழை கண்ணிலேயே படாது. ஆகவே ஒன்றாகவும் ஓட்டுங்கள், அதுவும் ஒவ்வொரு தடவையும் வரிசையைக் கலைத்து ஓட்டுங்கள்.

பிறகு இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நோய் எங்கே என்று தெரிந்துவிடும். தனியாகத் தேறி, கூட்டத்தில் விழுகிறதா? யாரோ முன்னால் அழுக்காக்கியிருக்கிறார்கள். அந்த ஆளைத் தேடுங்கள். கூட்டத்தில் தேறி, தனியாக விழுகிறதா? அது அடுத்தவர் தோளில் நின்றுகொண்டிருக்கிறது. நம் முதல் விவசாயியின் கதை. தனியாக ஓட்டினாலே சில தடவை தேறி சில தடவை விழுகிறது என்றால் காரணம் அக்கம்பக்கத்தில் இல்லை, அதற்குள்ளேயே இருக்கிறது. நேரம், நெட்வொர்க், திரெட் போட்டி, தற்செயல் எண் என்று ஏதோ ஒன்று.

இந்தக் கடைசி ரகம்தான் உலகத்தில் மிக அதிகம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இலினாய் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் அப்பாச்சி அறக்கட்டளையின் 51 திட்டங்களில், எந்தக் காரணத்தாலோ சில தடவை தேறி சில தடவை விழுகிற நிலையில்லாத டெஸ்ட்களைச் சரிசெய்த 201 மாற்றங்களைப் படித்து 2014இல் எழுதினார்கள். பதில் வரும் முன்பே பதிலைச் சரிபார்க்கிற அவசரம்தான் முதல் காரணம், சுமார் 45 சதவீதம். திரெட் போட்டி சுமார் 20 சதவீதம். ஓடும் வரிசையைச் சார்ந்திருப்பது 12 சதவீதம். பிராசஸைப் பிரிப்பது மூன்றாவதைத்தான் பிடிக்கும். முதல் இரண்டையும் பிடிக்க வழி, திரும்பத் திரும்ப ஓட்டுவது.

"திரும்ப ஓட்டாதே என்று ஆரம்பித்துவிட்டு இப்போது திரும்ப ஓட்டு என்கிறீர்களே" என்று யாராவது மடக்கலாம். பச்சை வரும்வரை ஓட்டுவது ஒன்று. எத்தனை தடவை சிவப்பு வருகிறது என்று எண்ணுவதற்காக ஓட்டுவது முற்றிலும் வேறு. முன்னது கண்ணை மூடிக்கொள்வது. பின்னது அளப்பது.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். நூறில் ஒரு தடவை விழுகிற டெஸ்ட் ஒன்று. ஒரு தடவை ஓட்டினால் அதன் நோய் தெரிய நூறில் ஒரு வாய்ப்புதான். நூறு தடவை ஓட்டினால்? நூறு சதவீதம் என்று நினைப்பவர்கள் அதிகம். இல்லை, 63 சதவீதம். 300 தடவை ஓட்டினால்தான் 95 சதவீதம். இப்போது எதிர்ப்பக்கம் பாருங்கள். "விழுந்தால் மூன்று தடவைவரை முயற்சி செய், ஒன்று தேறினாலும் பச்சை என்று சொல்" என்று பல இடங்களில் பில்டில் ரீட்ரை போட்டு வைக்கிறார்கள். பத்தில் ஒரு தடவை விழுகிற டெஸ்ட் அப்போது ஆயிரத்தில் ஒரு தடவைதான் சிவப்பைக் காட்டும். பாதிக்குப் பாதி விழுகிற படுமோசமான டெஸ்ட்கூட எட்டில் ஏழு தடவை பச்சையாக வந்து நிற்கும். இரண்டு விவசாயிகளில் ஒருவருக்குத் தப்பு ரசீது போடுகிற நிரலுக்கு நீங்கள் நற்சான்று எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். ரீட்ரை போட்டவர் யாரையும் ஏமாற்ற நினைத்திருக்க மாட்டார். சத்தம் தாங்காமல் போட்டிருப்பார். ஆனாலும் அது ஏமாற்றுதான்.

சத்தம் பெரிதுதான் என்பதை நான் மறுக்கவில்லை. கூகுளில் டெஸ்ட் அமைப்புகளைக் கவனித்த ஜான் மிக்கோ 2016இல் கொடுத்த கணக்குப்படி அங்கே இருந்த டெஸ்ட்களில் ஏறக்குறைய 16 சதவீதத்துக்கு இந்த நிலையின்மை ஏதோ ஓர் அளவில் இருந்தது. பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறியவற்றில் 84 சதவீதம் இத்தகைய டெஸ்ட்கள் சம்பந்தப்பட்டவை. அவ்வளவு ஆள்பலமும் பணமும் இருக்கும் இடத்திலேயே இந்த நிலை. உங்கள் இருநூறில் பத்து விழுந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. பதிவு செய்யாமல் விட்டால்தான் குற்றம்.

ஒரு முறை மட்டும் வந்துபோன கோளாறு எவ்வளவு தூரம் பின்னால் வரும் என்பதற்கு செவ்வாய்க் கிரகம்வரை போன உதாரணம் உண்டு. நாசாவின் பாத்ஃபைண்டர் 1997 ஜூலை 4 அன்று அங்கே இறங்கியது. சில நாட்களில் வானிலைத் தகவல் சேகரிக்கத் தொடங்கியதும் அதன் கணினி தன்னைத்தானே மறுபடி மறுபடி ரீசெட் செய்துகொண்டது. குறைந்த முன்னுரிமை உள்ள வானிலை வேலை ஒரு பூட்டைப் பிடித்திருக்க, அதிக முன்னுரிமை உள்ள வேலை அந்தப் பூட்டுக்காகக் காத்திருக்க, நடுவில் இருந்தவை புகுந்து ஓடிக்கொண்டிருந்தன. முக்கியமான வேலை நேரத்துக்கு முடியாததைப் பார்த்த காவல் நிரல், கணினியை ரீசெட் செய்தது. பூமியில் இருந்த நகல் கருவியில் அதே நிரலை ஓடவிட்டு, அதே கோளாறு வரும்வரை விடாமல் பார்த்து, பொறியாளர்கள் காரணத்தைப் பிடித்தார்கள். பூமியிலிருந்தே திருத்தம் அனுப்பிச் சரிசெய்தார்கள். அந்த நிரல் குழுவின் தலைவர் கிளென் ரீவ்ஸ் பிறகு சொன்ன விவரம்தான் உங்களுக்கு வேண்டியது: தரையிறங்கும் முன்பே சோதனையில் இதைப் பார்த்திருந்தார்கள், தேடியபோது திரும்ப வரவழைக்க முடியவில்லை. அவர்கள் அலட்சியக்காரர்கள் அல்லர். அதை மறந்துவிடவும் இல்லை. நேரம் போதவில்லை. உங்களுக்கு அவ்வளவு நெருக்கடி இல்லாதபோது மறந்துவிட என்ன காரணம் இருக்கிறது?

செவ்வாய்வரைகூடப் போக வேண்டாம், ஆடுதுறைவரை போனால் போதும். 1922இல் தொடங்கி இன்று தமிழ்நாடு நெல் ஆராய்ச்சி நிலையமாக இருக்கிற அந்த வயல்களில் ஒரு புது ரகத்தை எப்படிச் சோதிக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். ஒரே ரகத்தைப் பல பாத்திகளில் நடுகிறார்கள். எந்தப் பாத்தியில் எந்த ரகம் என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிக்கிறார்கள், மண் வளமான மூலை ஒரே ரகத்துக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக. பாத்திக்குப் பாத்தி வரப்பு, பக்கத்துத் தண்ணீரும் உரமும் கசிந்து வந்து பொய்க்கணக்குக் காட்டக் கூடாது என்பதற்காக. ஓரத்து வரிசையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பிறகு பல ஊர்களில், பல பருவங்களில், விவசாயிகளின் சொந்த வயலில். இவ்வளவுக்கும் பிறகுதான் ஏடிடி 36, ஏடிடி 43 என்று பெயர் வைத்து உங்கள் அப்பாவின் கையில் விதையாகக் கொடுத்தார்கள். ஒரு பாத்தியில் ஒரு தடவை நன்றாக விளைந்ததை வைத்து அவர் குறுவைக்கு விதை வாங்கியிருப்பாரா? குலுக்கல், வரப்பு, திரும்பச் செய்தல் மூன்றையும் நம் மண் நமக்கு முன்பே வழக்கமாக்கிவிட்டது. நீங்கள் கணினிக்கு முன்னால் உட்கார்ந்ததும் அது கைவிட்டுப் போக வேண்டியதில்லை.

வரப்பு எதைத் தடுக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பிராசஸ் பிரிப்பது மெமரியைத்தான் பிரிக்கும். இரண்டு டெஸ்ட்கள் ஒரே டேட்டாபேஸில், ஒரே விவசாயி எண்ணில் எழுதினால் தனித்தனி பிராசஸ் இருந்தும் பயனில்லை. ஒரே பெயரில் தற்காலிகக் கோப்பு, ஒரே போர்ட் எண், இவையும் அப்படித்தான். ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் தனி டைரக்டரி, தனி டேட்டாபேஸ் பெயர் கொடுங்கள். கடிகாரத்தைப் பிரிக்கவே முடியாது, அதனால் நேரத்தை நிரலுக்குள் வெளியிலிருந்து கொடுங்கள்.

கடிகாரம் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ராத்திரி ஷிஃப்டில் இருந்த ஒரு பெண் தொடர்ந்து ஒரே டெஸ்ட் விழுவதாக எழுதி வைத்துக்கொண்டே இருந்தாள். காலையில் வருகிறவர்கள் ஓட்டிப் பார்த்து, "எங்களுக்கு ஓடுதே" என்று குறிப்பை மூடிவிடுவார்கள். தூக்கக் கலக்கம் என்று பேசியவர்களும் உண்டு. விழுந்த நேரங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்திருந்தால் போதும்: எல்லாமே நள்ளிரவு பன்னிரண்டுக்கும் விடியற்காலை ஐந்தரைக்கும் நடுவில். சர்வர் ஓடியது உலகப் பொது நேரத்தில். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். அந்த ஐந்தரை மணி நேரமும் சர்வருக்கு முந்தைய தேதி. நிரல் வெளியே போனது, அந்த நேரத்தில் போட்ட ரசீதுகளில் தப்புத் தேதி விழுந்தது, வாடிக்கையாளர் சொல்லித்தான் எல்லோருக்கும் தெரிந்தது. அவளிடம் யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை. அடுத்த மதிப்பீட்டில், பொய்யான புகார்கள் அதிகம் எழுதியவள் என்ற பழைய குறிப்பு அப்படியே இருந்தது.

இதுதான் என் உண்மையான மனக்குறை. சிவப்பைக் காட்டுகிறவரைத் தொல்லை பிடித்தவராகப் பார்க்கிறோம். எத்தனை டெஸ்ட் எழுதினாய், எத்தனை பச்சை என்று எண்ணிச் சம்பளம் போடுகிறோம். பிராஜெக்ட் வைவாவில் ஒருமுறை, அதுவும் ஒத்திகை பார்த்த அதே வரிசையில் ஓட்டிக் காட்டினால் மதிப்பெண் விழுந்துவிடுகிறது. இந்த ஏற்பாட்டில் வளர்கிற பிள்ளை சிவப்பை ஒளிக்கக் கற்றுக்கொள்ளாமல் வேறென்ன செய்யும்? உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. உங்கள் மேல் சுமத்தப்பட்டதைத்தான் சொல்கிறேன். ஆனால் நீங்கள்தான் இதை மாற்ற முடியும், ஏனென்றால் முடிவுகளை முதலில் பார்ப்பது உங்கள் கண்.

எனவே கேட்கிறேன். இந்த வாரமே உங்கள் கையில் இருக்கிற ஒரே ஒரு நிரலை எடுத்துக்கொள்ளுங்கள், பெரியதாக இருக்க வேண்டியதில்லை. அதன் டெஸ்ட்கள் ஒவ்வொன்றையும் தனிப் பிராசஸில் ஓட்டுங்கள். பிறகு எல்லாவற்றையும் ஒன்றாக, வரிசையைக் கலைத்து ஓட்டுங்கள். கலைக்கப் பயன்பட்ட சீட் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், அது இருந்தால்தான் அதே வரிசையைத் திரும்ப வரவழைக்க முடியும். சந்தேகப்படும் டெஸ்ட்டை ராத்திரியில் 300 தடவை ஓடவிடுங்கள். ரீட்ரை இருந்தால் அணையுங்கள். அணைக்க அதிகாரம் இல்லையென்றால், ரீட்ரையால் பச்சையானவை எவை என்று தனிப் பட்டியல் தரும்படி கேளுங்கள். ஒரு நோட்டுப் போடுங்கள்: எந்த டெஸ்ட், எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த வரிசை, எந்த மெஷின். விழுந்த ஒவ்வொன்றும் அதில் ஏறட்டும், அடுத்த தடவை தேறியிருந்தாலும் சரி. காரணம் தெரியாமல் எந்த வரியையும் அடிக்காதீர்கள். குழுவில் வேறு யாராவது சிவப்பைக் கொண்டுவந்தால் "எனக்கு ஓடுதே" என்று சொல்வதற்கு முன்னால் அவர் ஓட்டிய நேரத்தையும் வரிசையையும் கேட்டு வாங்கி, அதேபோல ஓட்டிப் பாருங்கள்.

கல்லூரியில் இருக்கிறவர்கள் வைவா அன்று ஆசிரியரிடம் நீங்களே சொல்லுங்கள்: "ஐயா, வரிசையை நீங்கள் கலைத்துக் கொடுங்கள், அப்படியே ஓட்டிக் காட்டுகிறோம்." வேலையில் இருக்கிறவர்கள் அந்த நோட்டை அடுத்த திட்டக் கூட்டத்துக்கு எடுத்துப் போங்கள்; வெளியீட்டுத் தேதியைப் பேசுவதற்கு முன்னால் அதைப் படிக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
டெல்டாவிலிருந்து போன ஒரு டெஸ்ட் இன்ஜினியர்